தொண்ணூறு நாள் கணக்கு

திருவெண்ணெய்நல்லூர் என்றதும் சைவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சுந்தரர். தமிழ் படித்தவர்களுக்குக் கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளல். தத்துவம் படித்தவர்களுக்கு மெய்கண்டார். 13-ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதத்தை எழுதிச் சைவ சித்தாந்தத்துக்கு அடித்தளம் போட்டவர் அவர். அவருடைய வரலாறு குழந்தை இல்லாத ஒரு வீட்டில் தொடங்குகிறது. பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுத களப்பாளருக்கும் அவர் மனைவிக்கும் நெடுங்காலம் பிள்ளை இல்லை. குருவான சகலாகம பண்டிதரிடம் போய் முறையிடுகிறார்கள். அவர் திருமுறை ஏட்டில் கயிறு சார்த்திப் பார்க்க, திருவெண்காட்டைப் பாடிய சம்பந்தர் பதிகம் கிடைக்கிறது. கணவனும் மனைவியும் திருவெண்காட்டுக்குப் போய் முக்குளத்தில் நீராடி வழிபடுகிறார்கள். பிறந்த பிள்ளைக்குச் சுவேதவனப் பெருமாள் என்று பெயர். தாய்மாமன் ஊரான திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த அந்தப் பிள்ளைதான் மெய்கண்டார். வழிகாட்டிய குருவே பின்னாளில் அவருக்குச் சீடராகி அருணந்தி சிவாசாரியார் ஆனார்.

பக்தர்கள் இதை அருளின் கதையாகப் படிப்பார்கள். அதில் நான் கைவைக்கப் போவதில்லை. எனக்கு அதில் பிடித்துப்போன இடம், குளத்தில் இரண்டு பேரும் இறங்கினார்கள் என்பது.

ஏனென்றால் எழுநூறு எண்ணூறு ஆண்டுகள் கழித்து அதே ஊரில் நடப்பது வேறு. கல்யாணம் ஆகி ஆறு மாதம் போனதுமே, "என்னம்மா, விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று தெருவில் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்பது எப்போதும் பெண்ணிடம்தான். ஒரு வருஷம் தாண்டினால் பெண்ணின் அம்மாவோ மாமியாரோ அவளை விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, ஊசி என்று மாதங்கள் ஓடும். கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே வரைக்கும் போயிருப்பாள். வலியெடுக்கும் பரிசோதனை அது. அதுவரை அவள் கணவருடைய விந்து ஒரு முறைகூடச் சோதிக்கப்பட்டிருக்காது. "எங்க பையனுக்கு ஒண்ணும் இருக்காது" என்று வீட்டில் முடிவாகியிருக்கும்.

அறிவியல் சொல்லும் கணக்கு அப்படி இல்லை. பன்னிரண்டு மாதம் எந்தத் தடுப்பும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தும் கரு தரிக்காவிட்டால் அதைக் கருவுறாமை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. உலகில் வயது வந்தவர்களில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இதைச் சந்திக்கிறார் என்று அந்த நிறுவனம் 2023-இல் அறிவித்தது. இந்தத் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கக் குறையும் ஒரு காரணமாக இருக்கிறது. தனியாகவோ, பெண்ணின் குறையோடு சேர்ந்தோ. பாதிப் பேரின் பரிசோதனையை விட்டுவிட்டு மீதிப் பாதியில் மட்டும் தேடினால் விடை எப்படிக் கிடைக்கும்?

முதலில் ஆணின் உடலுக்குள் போவோம். அங்கே நடப்பதை அறிந்தவர்கள் குறைவு.

விந்தணு ஒரு நாளில் உருவாவதில்லை. விரைக்குள் சுருண்டு கிடக்கும் நுண்குழாய்களின் சுவரில் ஒரு மூலச்செல் பிரிய ஆரம்பிக்கிறது. அது பலமுறை பிரிந்து, குரோமோசோம்களைப் பாதியாக்கி, உடம்பைச் சுருக்கி, தலைக்குள் மரபுப்பொருளை இறுக்கி அடைத்து, வால் முளைத்து வெளிவர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதோடு வேலை முடிவதில்லை. விரையின் பின்புறம் ஒட்டிக் கிடக்கும் நீண்ட சுருள்குழாயில் ஒன்றிரண்டு வாரம் மெல்ல நகர்ந்து போகும்போதுதான் நீந்தும் திறன் வருகிறது. ஆக, இன்று வெளிப்படும் விந்தணு ஏறத்தாழத் தொண்ணூறு நாளுக்கு முன்னால் உருவாகத் தொடங்கியது. அந்த மனிதர் மூன்று மாதத்துக்கு முன்பு எப்படி வாழ்ந்தாரோ அது இன்றைய விந்தணுவில் இருக்கிறது.

கணக்கை ஊரின் நாள்காட்டியில் வைத்துப் பார்த்தால் விளங்கும். ஐப்பசி மழையில் டெங்குவோ வேறு கடுமையான காய்ச்சலோ வந்து ஒரு வாரம் படுத்த ஒருவர், பொங்கலை ஒட்டி விந்துப் பரிசோதனைக்குப் போனால் எண்ணிக்கை குறைந்து தெரியலாம். மனம் உடைய வேண்டியதில்லை. சில வாரம் கழித்து மறுபடி பார்த்தால் சரியாகியிருக்கலாம். ஒரே ஒரு அறிக்கையை வைத்து எந்த நல்ல டாக்டரும் தீர்ப்புச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். இதற்கு நேர்மாறாக, நேற்றோடு குடியை விட்ட ஒருவர் அடுத்த வாரமே பலனைத் தேடினாலும் கிடைக்காது. அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பெண்ணைக் கேலி செய்ய ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அந்த அவசரம் ஆண்களுக்கும் கூடாது. நல்ல மாற்றம் எதுவானாலும் அதற்கு மூன்று மாதம் கொடுக்க வேண்டும்.

அந்தத் தொண்ணூறு நாளில் விந்தணுவுக்குப் பெரிய எதிரி வெப்பம். விரைகள் உடம்புக்கு வெளியே பையில் தொங்குவதே இதற்காகத்தான். உடலின் உள்வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை ஒழுங்காக நடக்கும். கீழே இறங்கும் சூடான ரத்தத்தை, மேலே ஏறும் குளிர்ந்த ரத்தம் சுற்றிப் பின்னிய நாளங்களில் ஓடிக் குளிர வைக்கிறது. வெயிலில் பை தளர்கிறது, குளிரில் சுருங்கி மேலேறுகிறது. ஆண் யானைக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் விரைகள் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன. அந்த உடம்பு எப்படிச் சமாளிக்கிறது என்பது உயிரியலின் பெரிய வியப்புகளில் ஒன்று. மனிதனுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் கரும்பு வட்டாரம் இது. வெல்லம் காய்ச்சும் கொப்பரைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பவர், செங்கல் சூளையில் நெருப்பு பார்ப்பவர், ஓட்டலில் கல்லுக்கு முன் நிற்கும் பரோட்டா மாஸ்டர், இன்ஜின் சூட்டின் மேல் உட்கார்ந்து இரவெல்லாம் லாரி ஓட்டுபவர், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை செய்யும் இளைஞர். இவர்கள் எல்லோரும் அந்த இரண்டு மூன்று டிகிரியை இழக்கக்கூடியவர்கள். பிழைப்பை விடச் சொல்ல முடியாது. ஆனால் இடையிடையே எழுந்து நடப்பது, இறுக்கமான ஜீன்ஸுக்குப் பதிலாகத் தளர்ந்த பருத்தித் துணி உடுத்துவது, வேலை முடிந்ததும் வெந்நீரைத் தவிர்த்துப் பச்சைத் தண்ணீரில் குளிப்பது எல்லாம் காசு செலவில்லாத காரியங்கள். விரைப்பையின் நாளங்கள் புடைத்துக்கொள்ளும் வெரிகோசீல் என்ற கோளாறும் அங்கே வெப்பத்தைக் கூட்டுகிறது. நூறு ஆண்களில் பதினைந்து பேருக்கு இது இருக்கும்; குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல். டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது பெண்களை விட்டுவிடக் கூடாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெயிலில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததை அவர்கள் 2024-இல் வெளியிட்டார்கள். நம் பக்கத்துப் பெண்களிடமே, நம் வெயிலிலேயே எடுத்த கணக்கு என்பதால் இதற்கு எடை அதிகம். கரு தரித்த முதல் வாரங்களில் நாற்று நடவும் களை எடுக்கவும் போகிறவளை உச்சி வெயிலில் நிறுத்தாமல் நிழலும் தண்ணீரும் தருவது மருந்து கொடுப்பதற்குச் சமம்.

அடுத்தது பூச்சிமருந்து. 1977-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாத்ராப் என்ற ஊரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. மண்ணில் இருக்கும் நூற்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தை அங்கே தயாரித்தார்கள். அந்தப் பிரிவில் வேலை செய்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, அண்மைக் காலத்தில் தங்களில் யாருக்கும் குழந்தை பிறக்கவில்லை என்பதைக் கவனித்தார்கள். பரிசோதித்தால் பலருடைய விந்தில் ஒரு அணுகூட இல்லை, அல்லது மிகக் குறைவு. மற்றபடி அவர்கள் ஆரோக்கியமானவர்கள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, உடலுறவில் குறை இல்லை. வேலையை விட்டு விலகிய பிறகு சிலருக்குத் திரும்பி வந்தது. நெடுநாள் வேலை செய்தவர்கள் பலருக்கு வரவில்லை. விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தொழிலாளர்களே கண்டுபிடித்த நோய் இது.

நமக்குப் பக்கத்தில் கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தினர் அங்கே பத்ரே கிராமத்துச் சிறுவர்களை ஆராய்ந்து, அவர்கள் பருவமடைவது தள்ளிப்போவதை 2003-இல் பதிவு செய்தார்கள். உச்ச நீதிமன்றம் 2011-இல் அந்த மருந்தைத் தடை செய்தது. எண்டோசல்பான் போய்விட்டது, தெளிப்பான் போகவில்லை. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, லுங்கியும் பனியனுமாக, காற்றுக்கு எதிராகவே நடந்து மருந்தடிக்கும் காட்சியை நெல்லிலும் கரும்பிலும் பருத்தியிலும் இன்றும் பார்க்கலாம். முதுகு வழியாக வழிந்து இடுப்புத் துணி நனைந்திருக்கும். அப்படியே வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். குழந்தைக்குத் திட்டமிடும் வீட்டில் ஆணோ பெண்ணோ இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டுமென்றால் முழுக்கைச் சட்டை, பேன்ட், கையுறை, முகக்கவசம் போட வேண்டும். காற்றுக்கு முதுகைக் காட்டி அடிக்க வேண்டும். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். மருந்துக் கடையில் எந்தப் பூச்சிக்கு என்று கேட்கிறோம். எத்தனை நாள் உடம்பில் நிற்கும் என்றும் கேட்கலாம்.

புகையும் குடியும் தெரிந்த கதைதான், அதிகம் விரிக்க வேண்டாம். பீடியும் சிகரெட்டும் விந்தணுவின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைப்பதோடு, உள்ளே இருக்கும் மரபிழையையும் உடைக்கின்றன. உதட்டுக்குள் அடக்கும் புகையிலையில் புகை இல்லை என்பதால் தப்பு இல்லை என்று நினைக்கும் இளைஞர்கள் நிறைய. நிகோடின் ஈறு வழியாகவும் ரத்தத்துக்குத்தான் போகிறது. குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருந்தும் கிடைக்காத இடம் இல்லை. தினமும் டாஸ்மாக் போகிறவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும், கல்லீரல் கெடும், விந்தணுவும் குறையும்.

இதையெல்லாம்விடப் புதிதாக வந்திருக்கும் ஆபத்து ஜிம்மில் இருக்கிறது. உடம்பை ஏற்ற வேண்டும் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் பையன்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால், உள்ளே போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நினைத்து விரைகளுக்கு அனுப்பும் ஆணையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே இந்த ஊசியை உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது, அது பலித்தும் இருக்கிறது. புஜம் பெருக்கும்போது உள்ளே கடை மூடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல்.

இனி பெண்ணின் பக்கம். இங்கே காலக்கணக்கே வேறு.

ஆண் தினமும் புதிதாக அணுக்களை உருவாக்குகிறான். பெண் தன் முட்டைகள் அத்தனையையும் பிறக்கும்போதே கொண்டுவருகிறாள். தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போது ஆறேழு மில்லியன். பிறக்கும்போது ஒன்றிரண்டு மில்லியன். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். அதில் முதிர்ந்து வெளிவருபவை வாழ்நாள் முழுக்க நானூறு ஐந்நூறுதான். நீங்கள் எந்த முட்டையிலிருந்து உருவானீர்களோ அது உங்கள் அம்மா உங்கள் பாட்டி வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டது. அந்தக் காலத்தில் பாட்டி பட்ட பசியும் உண்ட சோறும் அதன் அருகில் நடந்தவை. மூன்று தலைமுறை ஒரே உடம்பில் இருக்கும் அந்தச் சில மாதங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

முட்டை புதிதாக உண்டாவதில்லை என்பதால் வயது கணக்கில் வருகிறது. முப்பத்தைந்துக்கு மேல் எண்ணிக்கையும் தரமும் வேகமாக இறங்குகின்றன. எந்தக் கீரையும் எந்தப் பயிற்சியும் இதை மாற்றாது. புகை மட்டும் இதை இன்னும் விரைவாக்கும். வீட்டில் அடுப்புப் புகையும் கணவரின் பீடிப் புகையும் அவள் நெஞ்சுக்குள்தான் போகின்றன.

மாற்றக்கூடியவை வேறு உண்டு. இன்று நம் பெண்களிடம் மிகவும் பரவியிருக்கும் பி.சி.ஓ.எஸ். அதில் முதலாவது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இது இருக்கிறது என்றும், அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. "நீர்க்கட்டி இருக்குதாம்" என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையில் அவை முதிர முடியாமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். நிறுத்துவது பெரும்பாலும் இன்சுலின். அரிசியும் மைதாவும் சர்க்கரை போட்ட டீயும் நாள் முழுக்க உள்ளே போய், உடம்பு அசையாமல் இருந்தால், செல்கள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைக்கின்றன. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோன்களை மிகையாக உண்டாக்க வைக்கிறது. முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு எல்லாம் அங்கிருந்து வருகின்றன.

பி.சி.ஓ.எஸ். உள்ள குண்டான பெண்கள் தங்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே, அவர்களில் பலருக்கு முட்டை வெடிப்பது மறுபடி ஒழுங்காகிறது. எழுபது கிலோ இருப்பவருக்கு மூன்றரை கிலோ. ஒல்லியாக வேண்டியதில்லை, மூன்றரை கிலோ போதும். மருந்து தேவைப்பட்டாலும் இதுதான் அதற்கு அடிக்கல். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியர்களுக்கு உடல்பருமன் அளவுகோல் ஐரோப்பியர்களைவிடக் கீழே தொடங்குகிறது. நம் உடம்பு மெலிந்து தெரியும்போதே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும். உயர எடை விகிதம் 25-ஐத் தொடும் முன்பே, 23-லேயே கவனிக்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். கணவருக்கும் இதே கணக்குதான். தொப்பைக் கொழுப்பில் இருக்கும் ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. காலையில் இரண்டு பேரும் சேர்ந்து வாரத்துக்கு ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் இரண்டு பக்கமும் லாபம்.

எடை குறைந்தாலும் கேடு உண்டு. 1944-45 பனிக்காலத்தில் ஜெர்மானியப் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தது. பஞ்சத்தில் பாதிக்குப் பாதிப் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்பு விகிதம் பாதியாகச் சரிந்தது. உணவு திரும்பியதும் பிறப்பும் திரும்பியது. உடம்பில் சேமிப்பு இல்லாதபோது குழந்தை வேண்டாம் என்று உடல் தானே முடிவெடுக்கிறது. அரைவயிற்றுக் கஞ்சியோடு வயல்வேலைக்குப் போகும் ரத்தசோகைப் பெண்ணுக்கு முதல் மருந்து பருப்பும் முட்டையும் கீரையும்தான்.

வாழ்க்கை முறையோடு சேராத, ஆனால் நம் நாட்டில் மறக்கக் கூடாத ஒரு காரணம் காசநோய். நுரையீரலிலிருந்து ரத்தம் வழியாகக் கருக்குழாய்க்குப் போய் எந்த அறிகுறியும் காட்டாமல் அதை அடைத்துவிடும். இந்தியாவில் கருக்குழாய் அடைப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். வீட்டில் யாருக்காவது முன்பு டி.பி. இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரி உங்களுக்கு வருஷங்களை மிச்சப்படுத்தும். தைராய்டும் அப்படித்தான். டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஒரு மாத்திரையில் கட்டுப்படும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கரு தரிக்காத வீடுகள் உண்டு. அவற்றில் சிலவற்றில் காரணம் பஸ் நேரத்தில் இருக்கிறது.

1995-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸ் குழு, கருவுற முயன்ற 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் வாங்கிச் சோதித்து ஒரு கணக்கை வெளியிட்டது. ஒரு மாதத்தில் கரு தரிக்கக்கூடிய நாட்கள் ஆறே ஆறு. முட்டை வெடிக்கும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். முட்டை பன்னிரண்டு முதல் இருபத்துநாலு மணி நேரம்தான் உயிரோடிருக்கும். விந்தணு ஐந்து நாள் வரை உள்ளே காத்திருக்கும். எனவே முட்டைக்கு முன்னால் விந்து போய்க் காத்திருக்க வேண்டும். முட்டை வெடித்த மறுநாள் வந்தால் நேரம் கடந்துவிட்டது.

விழுப்புரம் வட்டாரத்தில் எத்தனை கணவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கட்டட வேலையில் இருக்கிறார்கள்! எத்தனை பேர் வளைகுடாவில்! பதினைந்து நாளுக்கு ஒருமுறை சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து வந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். அந்த ஒன்றரை நாள் அந்த ஆறு நாளுக்குள் விழுவது அதிர்ஷ்டம். மூன்று வருஷம் ஆகியும் குழந்தை இல்லை என்று வருபவர்களிடம் எத்தனை நாள் சேர்ந்து இருந்தீர்கள் என்று கேட்டால், கணக்கு நாலைந்து மாதத்தைத் தாண்டாது. அவர்களுக்குத் தேவை மருந்து அல்ல, நாள்காட்டி. அடுத்த மாதவிலக்கு வரும் நாளிலிருந்து பதினாலு நாள் பின்னோக்கி எண்ணினால் முட்டை வெடிக்கும் நாள் ஏறத்தாழக் கிடைக்கும். முப்பது நாள் சுழற்சி உள்ளவளுக்கு அது பதினாறாம் நாள். எனவே பதினொன்றிலிருந்து பதினாறு வரை. அந்த நாட்களில் வெள்ளைப்போக்கு தெளிவாகி வழுவழுப்பாக, விரலிடுக்கில் இழுத்தால் நீளும். அந்த வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தாலே போதும். மேஸ்திரியிடம் லீவு கேட்கும்போது பண்டிகையைப் பார்ப்பதைவிட இந்த நாட்களைப் பார்த்துக் கேட்பது பலன் தரும்.

ஆரோக்கியமான இளம் தம்பதிக்கும் ஒரு மாதத்தில் கரு தரிக்கும் வாய்ப்பு நாலில் ஒன்றைத் தாண்டுவதில்லை. ஒரு வருஷத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து ஜோடிக்கு ஆகிவிடும். மீதியில் பாதிப் பேருக்கு அடுத்த வருஷத்தில் ஆகும். இந்த எண்கள் தெரிந்திருந்தால் ஆறாம் மாதமே தெருவில் விசாரணை நடக்காது.

இங்கே பெண்களிடம் சொல்லும் ஒரு வார்த்தையை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. "டென்ஷன் ஆகாதே, அதனாலதான் தங்க மாட்டேங்குது." 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சோதனைக்குழாய் போன்ற சிகிச்சைகளுக்கு வந்த 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தது. சிகிச்சைக்கு முன் மிகுந்த கவலையில் இருந்தவர்களுக்கும் அமைதியாக இருந்தவர்களுக்கும் அந்தச் சுற்றில் கரு தரித்ததில் வித்தியாசம் இல்லை. கவலை தூக்கத்தைக் கெடுக்கும், கணவன் மனைவி நெருக்கத்தைக் கெடுக்கும். அதனால் அதைக் குறைக்க வேண்டியதுதான். ஆனால் "நீ கவலைப்பட்டதால்தான் ஆகவில்லை" என்பது அவள் தலையில் இன்னொரு பழி.

அதேபோல் ஆண்களை ஏமாற்றும் பொடிகளும் லேகியங்களும். பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் அவற்றின் விளம்பரம். நல்ல தரத்தில் செய்த சத்துமாத்திரைகளே இங்கே தோற்றிருக்கின்றன. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளின் கணவர்களில் ஒரு பாதிக்குத் துத்தநாகமும் போலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்தார்கள், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. 2020-இல் முடிவு வந்தது: விந்தணுவின் எண்ணிக்கையிலும் ஓட்டத்திலும் வித்தியாசம் இல்லை, பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையிலும் வித்தியாசம் இல்லை.

பெண்ணுக்கோ அதே போலிக் அமிலம் உயிர்காக்கும் மருந்து. சிசுவின் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் குழல் கருவுற்ற 28-ஆம் நாளுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்குக் கரு தரித்ததே அப்போதுதான் தெரியவரும். எனவே குழந்தைக்கு முயலும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். இந்தச் சத்தைத் தேடி ஆராய்ச்சியைத் தொடங்கியவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர். 1928-இல் பம்பாய்க்கு வந்து, ரத்தசோகையால் வாடிய கர்ப்பிணித் தொழிலாளப் பெண்களிடம் ஆராய்ந்தார். நம் குன்னூரிலும் சில காலம் வேலை செய்தார். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மாத்திரையின் வரலாறு நம் மண்ணில்தான் தொடங்குகிறது.

வாழ்க்கை முறையைச் சரிசெய்தால் எல்லோருக்கும் குழந்தை பிறந்துவிடும் என்று சொன்னால் அது பொய். அடைத்த குழாயை நடைப்பயிற்சி திறக்காது. விந்தில் அணுவே இல்லாதவருக்குப் பேரீச்சம்பழம் அணுவைத் தராது. அவர்களுக்கு மருத்துவம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் பிறந்தது. 2021-இல் வந்த மத்தியச் சட்டப்படி பதிவு செய்த மையங்கள் மட்டுமே இந்தச் சிகிச்சையைச் செய்யலாம். பணம் கட்டும் முன் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த வாசலுக்குப் போகும் முன்னாலும், போன பிறகும், மூன்று மாத ஒழுங்கு இரண்டு உடம்புக்கும் தேவை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் விந்துப் பரிசோதனையில் தொடங்குங்கள். ஊசி இல்லை, வலி இல்லை, செலவு சில நூறு ரூபாய். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுப் போக வேண்டும். கூடிய வரை லேபிலேயே சேகரித்துக் கொடுப்பது நல்லது. கூச்சத்தால் வீட்டில் எடுத்து டப்பாவில் கொண்டுபோகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். பையின் அடியில் வைக்காமல் சட்டைக்குள் உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். கிராமத்திலிருந்து பஸ் பிடித்துப் போகும்போது நேரம் தாண்டிவிட்டால் அறிக்கையே தப்பாகிவிடும். ஒரு மில்லிலிட்டரில் ஒரு கோடியே அறுபது லட்சம் அணுக்களும், நூற்றுக்கு 42 அணுக்களில் அசைவும் இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி அது கீழ் எல்லைக்கு மேல். குறைந்திருந்தால் பயப்படாமல், சில வாரம் கழித்து இரண்டாவது முறை பாருங்கள்.

மனைவிக்கு முப்பத்தைந்து ஆகவில்லை என்றால் ஒரு வருஷம் முயலலாம். தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே டாக்டரிடம் போங்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லை என்றாலோ, யாருக்காவது பழைய டி.பி.யோ விரையில் அறுவைசிகிச்சையோ இருந்தாலோ காத்திருக்கவே வேண்டாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் மகப்பேறு பிரிவு இருக்கிறது. சீட்டு வாங்கும்போது கணவர் வெளியே பைக்கில் உட்கார்ந்திருக்காமல் உள்ளே வரட்டும். மாமியார்களிடமும் அம்மாக்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: மருமகளுக்கு அடுத்த ஸ்கேன் எடுக்கும் முன் மகனின் அறிக்கையைக் கேளுங்கள்.